ரெண்டு அடி முன்னால வெச்சா... கடல்!

பழைய ஜூம் லென்ஸ் வேட்டை - ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு ஸ்பெஷல் ரிப்போர்ட்

"ஏன்டா, கழுத்துல கேமராவைத் தொங்கவிட்டுக்கிட்டுத் திரியுறியே... அதோட மூக்கை எங்கடா காணோம்?"

மீன் ஏலம் நடக்குற இடத்துல, அத்தனை பேருக்கு நடுவுல எங்க அத்தை கேட்ட கேள்வி இது. அத்தை 'மூக்கு'ன்னு சொன்னது லென்ஸை. சுத்தி நின்ன ஐஸ் பார்ட்டிகளும் கூடை தூக்குற அண்ணன்களும் சிரிச்ச சிரிப்புல ஒரு விசைப்படகே கவிழ்ந்திருக்கும்!

மூக்கு போன கதை ரொம்ப சிம்பிள். உப்புத் தண்ணி தெறிச்சிடுச்சேன்னு, படகு கட்டுற ஜெட்டி ஓரமா உட்கார்ந்து லென்ஸைக் கழற்றித் துடைச்சேன். கை வழுக்கிடுச்சு. சிமென்ட்டுல 'டொக்'னு ஒரு சத்தம். அடுத்த பவுன்ஸ்ல 'ப்ளக்'னு இன்னொரு சத்தம். அவ்வளவுதான். சிங்கப்பூர்ல இருக்குற சித்தப்பா பையன் தன்னோட பழைய மிரர்லெஸ் கேமராவை எனக்குக் கொடுத்தப்போ கூடவே வந்த ஒரே லென்ஸ், பாக் நீரிணைக்கு நேர்த்திக்கடனா போய்ச் சேர்ந்துடுச்சு.

அந்த 'ப்ளக்'குக்கு அப்புறம் நான் அலைஞ்ச அலைச்சல், படிச்ச பாடம், வாங்கின பல்பு எல்லாம்தான் இந்தக் கட்டுரை. கையில ஒரு கேமரா பாடி இருக்கு, லென்ஸ் வாங்கக் காசு இல்லைங்கிற கோஷ்டி எல்லாரும் வரிசையா வந்து உட்காருங்க!

தடைக்காலத்துல ஏது இ.எம்.ஐ.?

எங்க ஊர் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன இன்ட்ரோ. புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில மணமேல்குடியைத் தாண்டி, கோட்டைப்பட்டினத்தைத் தாண்டி, மீமிசலுக்கு முன்னாடி வர்ற ஊர்தான் ஜெகதாப்பட்டினம். விசைப்படகு ஊர். பேப்பர்லயும் டி.வி.யிலயும் எங்க ஊர் பேர் வந்தா, பெரும்பாலும் இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது பண்ணியிருக்கும். இல்லைன்னா படகைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கும். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ கேமரா வண்டிகள் வந்துச்சு. அப்புறம் போயிடுச்சு. மிச்ச நாள்ல இங்கே நடக்குற ஏலம், வலை பின்னுறது, சண்டை, சிரிப்பு இதையெல்லாம் யாரும் எடுக்குறதில்லை. அதை நாமளே எடுப்போமேங்கிற ஆசைதான் எனக்கு.

ஆசை சரி, காசு? வருஷா வருஷம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டுல வருமானமும் வராது. அந்த நேரத்துல "அப்பா, லென்ஸுக்கு இ.எம்.ஐ. கட்டணும்"னு போய் நின்னா, கிடைக்கிறது லென்ஸ் இல்லை, வேற! ஸ்காலர்ஷிப்ல மிச்சம் பிடிச்சது, லீவுல கல்யாண வீட்டுப் பந்தியில பரிமாறிச் சம்பாதிச்சதுன்னு என் கையில இருந்தது மொத்தம் 4,000 ரூபாய். அதுக்குள்ள மேட்டரை முடிக்கணும்.

ஏன் ஜூம்? ஏன் 35-70?

"50 எம்.எம். பழைய லென்ஸ் ஒண்ணு வாங்கு மச்சி. சீப், ஷார்ப், வெளிச்சமும் அதிகம் பிடிக்கும். தூரம் பத்தலைன்னா நடந்து கிட்டே போ." இது ஹாஸ்டல் ரூம்மேட் கொடுத்த அட்வைஸ். தப்பில்லாத அட்வைஸ்தான். ஒரே தூரம் மட்டும் காட்டுற லென்ஸை 'ப்ரைம்'னு சொல்லுவாங்க. அந்தக் காலத்து ப்ரைம் எல்லாம் அதே காலத்து ஜூமைவிடப் பெரும்பாலும் துல்லியமாத்தான் இருக்கும்.

ஆனா அவன் ஊர் பெரம்பலூர். அங்கே நடக்கலாம். எங்க ஊர் ஜெட்டியில ரெண்டு அடி முன்னால வெச்சா... கடல்! படகு அங்கே நிக்குது, நான் இங்கே நிக்குறேன். ஏல வளையத்துல கூடைக்கும் ஆளுக்கும் நடுவுல நுழைய முடியாது. நின்ன இடத்துல நின்னுக்கிட்டே கொஞ்சம் கிட்டே, கொஞ்சம் தூரன்னு மாத்திக்க ஜூம் வேணும்.

பழைய ஃபிலிம் காலத்துல 'நடுத்தர ஜூம்'னு சொன்னா 35-70 எம்.எம். இல்லைன்னா அதை ஒட்டின 35-80, 35-105 இப்படித்தான். இங்கே ஒரு உஷார் மேட்டர். நம்மகிட்ட இருக்கிற விலை குறைஞ்ச கேமராக்கள்ல பெரும்பாலும் ஃபிலிம் சைஸைவிடச் சின்ன சென்சார்தான் இருக்கும். அதுல 35-70 மாட்டினா ஏறக்குறைய 52-105 மாதிரி தெரியும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்னு சொல்ற இன்னும் சின்ன சென்சார்ல 70-140 ஆயிடும். அதாவது, அகலமா எடுக்குற வேலை நடக்காது. முழுப்படகும் வானமும் ஒரே படத்துல வேணும்னா, அதுக்கு நம்ம செல்போனே போதும். செல்போன் கோட்டை விடுற முகம், கை, தூரத்துப் படகு இதுக்கெல்லாம் இந்த லென்ஸ். ரெண்டும் சேர்ந்தா ஜோடிப் பொருத்தம் பத்துக்குப் பத்து!

இன்னொரு உண்மையையும் சொல்லிடறேன். உங்ககிட்ட இருக்கிறது சாதா டி.எஸ்.எல்.ஆர்.னா, முதல்ல அதே கம்பெனியோட செகண்ட் ஹேண்ட் 18-55 கிட் லென்ஸ் என்ன விலைன்னு விசாரிங்க. அகலமும் கிடைக்கும், ஆட்டோ ஃபோகஸும் இருக்கும். பல நேரம் பழசைவிட அதுதான் புத்திசாலித்தனம். பழைய லென்ஸ், முழுக்கக் கையால திருகிப் பழகத் தயாரா இருக்கிறவங்களுக்குத்தான்.

பேரைக் கேட்டு மயங்கின கதை

காலேஜ் டூர்ல சென்னை போனப்போ, பழைய கேமரா விக்கிற ஒரு கடைக்குள்ள நுழைஞ்சேன். கடைக்காரர் ஒரு லென்ஸை வெல்வெட் துணியில வெச்சு எடுத்தார். மினோல்டா 35-70, எஃப் 3.5.

"தம்பி, இது யாரு தெரியுமா? லைக்காவோட கூடப் பொறந்த தம்பி!"

பீலா இல்லை, நிஜம்தான். மினோல்டாவும் ஜெர்மனியோட லைக்காவும் அப்போ கூட்டு. 1980-கள்ல லைக்கா பேர்ல வந்த 35-70 எஃப் 3.5 லென்ஸ், மினோல்டாவோட டிசைன்தான். ஜூம் முழுக்க ஒரே அப்பெர்ச்சர் கிடைக்குற நல்ல லென்ஸ். விலை 3,500 சொன்னார். கை தானா பர்ஸுக்குப் போயிடுச்சு!

அப்போ டக்குனு ஞாபகத்துக்கு வந்தது எங்க பெரியப்பா. படகுக்குப் பழைய இன்ஜின் வாங்கப் போறப்போ என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போனார். விக்கிறவர் இன்ஜினை ஓட்டியே காட்டினார். பெரியப்பா தொட்டுப் பார்த்துட்டு, "சூடா இருக்கு. நாளைக்குக் காலையில ஆறினப்புறம் வர்றேன்"னு சொல்லிட்டுத் திரும்பிட்டார். "சூடான இன்ஜின் ஒரு குறையும் காட்டாதுடா. ஆறினதை ஸ்டார்ட் பண்ணிப் புகையைப் பாரு. நீலமா வந்தா ஆயிலைக் குடிக்குதுன்னு அர்த்தம். பேரை ஊருக்கே சொல்லலாம், புகை பொய் சொல்லாது"ன்னார்.

வெல்வெட் துணி மேல இருக்குற லென்ஸும் சூடான இன்ஜின்தானே! செல்போன் டார்ச்சைப் போட்டு, பின்பக்கமா வெளிச்சம் விட்டு, முன்பக்கமா எட்டிப் பார்த்தேன். உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை வெள்ளையா நூல். ஃபங்கஸ்! லைக்காவுக்குத் தம்பியா இருந்தாலும் பூசணம் பூசணம்தான். "அப்புறம் வர்றேண்ணே"ன்னு சொல்லிட்டு அப்பீட்டு!

அன்னிக்குப் புரிஞ்சதுதான் இந்தக் கட்டுரையோட ஒரு வரி சாரம்: பழைய லென்ஸ்ல பேரை வாங்காதீங்க, கையில இருக்கிற அந்த ஒரு பீஸை வாங்குங்க. நாற்பது வருஷத்துல ஒரே மாடல்ல ரெண்டு லென்ஸ் ரெண்டு விதமா வளர்ந்திருக்கும். ஒண்ணு அலமாரியில சுகவாசியா இருந்திருக்கும், இன்னொண்ணு தோல் பைக்குள்ள பூசணம் பிடிச்சிருக்கும்.

முதல் கேள்வி: பொருந்துமா?

லென்ஸைப் பார்க்குறதுக்கு முன்னாடி உங்க கேமராவைப் பாருங்க. ஒவ்வொரு கம்பெனி லென்ஸும் சென்சார்ல இருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்துல உட்கார்ந்தாத்தான் தூரத்துப் பொருள் தெளிவா விழும். பழைய நிக்கானுக்கு அது 46.5 மில்லிமீட்டர், ஒலிம்பஸ் ஓ.எம்.முக்கு 46, பென்டாக்ஸுக்கு 45.46, மினோல்டாவுக்கு 43.5, கேனன் எஃப்.டி.க்கு 42.

இப்போ வர்ற மிரர்லெஸ்ல உள்ளே கண்ணாடி கிடையாது. அதனால அந்தத் தூரம் ரொம்பக் கம்மி. சோனி ஈ மவுன்ட்டுக்கு 18, கேனன் ஆர்.எஃப்.புக்கு 20, நிக்கான் இஸட்டுக்கு வெறும் 16. மிச்ச தூரத்தை ஈடுகட்ட நடுவுல ஒரு வெத்து உலோக வளையம் போட்டாப் போதும், மேலே சொன்ன எல்லாப் பழைய லென்ஸும் உட்காரும். அந்த வளையம்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது, விலையும் கம்மி.

டி.எஸ்.எல்.ஆர். வெச்சிருக்கிறவங்களுக்குக் கணக்கு கொஞ்சம் இடிக்கும். கேனன் ஈ.ஓ.எஸ்.ஸோட தூரம் 44. அதனால அதைவிட அதிகமான நிக்கான், ஒலிம்பஸ், பென்டாக்ஸ் லென்ஸ்கள் அடாப்டரோட உட்காரும். மினோல்டாவும் கேனனோட சொந்தப் பழைய எஃப்.டி.யும் சரிப்படாது. பக்கத்துல இருக்கிறது தெரியும், தூரத்துப் படகு மங்கலாவே இருக்கும்! நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்.காரங்களுக்குச் சொந்தப் பழைய லென்ஸே கதி. டி3000, டி5000 வரிசைப் பாடியில 1977-க்கு அப்புறம் வந்த ஏ.ஐ. லென்ஸ் நேரா மாட்டும், ஆனா வெளிச்சக் கணக்கு காட்டாது. ஒரு படம் எடுத்துப் பார்த்து நீங்களே ஷட்டரை மாத்தணும். டி7000 வரிசையில பெரும்பாலான பாடியில கணக்கும் காட்டும். பென்டாக்ஸ் டி.எஸ்.எல்.ஆர். இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. பழைய கே மவுன்ட் லென்ஸ் அப்படியே மாட்டும்!

யார் யார் கிடைப்பாங்க?

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். 35 எம்.எம். ஸ்டில் கேமராவுக்கு வந்த முதல் ஜூம், 1959-ல ஃபோக்ட்லேண்டர் கொண்டுவந்த ஜூமார் 36-82. அப்புறம் 1963-ல நிக்கானோட 43-86 வந்து ஜூமைப் பரவலாக்குச்சு. ஆனா அதோட ஆரம்ப கால வகை, நிக்கானோட மொக்கை லென்ஸ் லிஸ்ட்ல இன்னிக்கும் இடம் பிடிக்கும். பின்னாடி டிசைனையே மாத்தி வந்த ஏ.ஐ. வகை எவ்வளவோ தேவலாம். இதுல இருக்கிற பாடம்: ஜூம்ல 'ரொம்பப் பழசு' பெருமை இல்லை. கம்ப்யூட்டர் கணக்கும் நல்ல பூச்சும் சேர்ந்த 1970-களின் கடைசிக்கு அப்புறம் வந்ததைத் தேடுங்க.

தேடுறப்போ காதுல விழுற சில பேர்கள்:

நிக்கான் சீரீஸ் ஈ 36-72, எஃப் 3.5: 1980-களின் சிக்கன வரிசை. ஜூம் முழுக்க ஒரே அப்பெர்ச்சர்.

டாம்ரான் எஸ்.பி. 35-80, எஃப் 2.8-3.8: இதோட பின்பக்க மவுன்ட்டையே கழற்றி வேற கம்பெனிக்கு மாத்தலாம். ரொம்பக் கிட்டே போயும் எடுக்கலாம். வாங்குறப்போ எந்த மவுன்ட் கூட வருதுன்னு கேட்டுக்குங்க.

விவிடார் சீரீஸ் 1 35-85, எஃப் 2.8: வெளிச்சம் அள்ளும். ஆனா கனமான ஆளு. ஜூமைத் திருப்பினா ஃபோகஸும் மாறிடும். ஒவ்வொரு தடவையும் புதுசா ஃபோகஸ் பண்ணணும்.

நிக்கான் 35-70, எஃப் 3.5-4.8: 1995-ல வந்த எஃப்.எம்.10 ஃபிலிம் கேமராவோட சேர்த்துக் கொடுத்த லென்ஸ். கேமராவையும் நிக்கானுக்காகச் செஞ்சு கொடுத்தது கொசினாங்கிற கம்பெனி. பிளாஸ்டிக் உடம்பு, பந்தா கிடையாது. ஆனா லென்ஸ்லயே அப்பெர்ச்சர் வளையம் இருக்கு. அடாப்டர்ல மாட்டுறவங்களுக்கு இந்த வளையம் ரொம்ப முக்கியம்.

கடைசி ஆளைக் கொஞ்சம் நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க. கிளைமாக்ஸ்ல வருவார்!

அறந்தாங்கி அலமாரி

சென்னையில கிடைக்காதது அறந்தாங்கியில கிடைச்சது. எங்க குடும்பத்துக் கல்யாணங்களுக்கு ஃபிலிம் காலத்துல இருந்து படம் எடுக்குற ஸ்டுடியோ அண்ணன்கிட்ட சும்மா கேட்டேன்.

"அண்ணே, பழைய லென்ஸ் ஏதாச்சும் கிடக்கா?"

"கிடக்கு தம்பி. எவன் கேட்கிறான் இப்போ? எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சு. அந்த அலமாரியைத் திற."

திறந்தா புதையல்! ஒரு பென்டாக்ஸ் கே1000, ஒரு யாஷிகா எஃப்.எக்ஸ்-3, ஒரு எஃப்.எம்.10. எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட. கடலோர ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் போய் வந்த மனுஷன், ஈரத்தோட அருமை தெரிஞ்சு வெச்சிருக்கார். எஃப்.எம்.10-லிருந்து அந்த 35-70-ஐக் கழற்றிக் கையில கொடுத்தார்.

"நல்லாப் பார்த்துட்டு எடு தம்பி. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

பார்த்தேன். நீங்களும் இதே வரிசையில பாருங்க.

ஒண்ணு, டார்ச். அப்பெர்ச்சரை முழுசாத் திறந்து ரெண்டு பக்கமும் வெளிச்சம் விடுங்க. நூல் நூலா இருந்தா ஃபங்கஸ், புகை படிஞ்ச மாதிரி இருந்தா ஹேஸ். ரெண்டும் இருந்தா நமஸ்காரம் போட்டுட்டு வந்துடுங்க. நாலஞ்சு தூசு இருந்தாப் பரவாயில்லை, படத்துல தெரியாது. முன் கண்ணாடியில மெல்லிசா ஒரு கீறலையும் மன்னிச்சுடலாம். பின் கண்ணாடியில கீறல் இருந்தா யோசிங்க.

ரெண்டு, இதழ்கள். அப்பெர்ச்சர் வளையத்தைத் திருப்பினா உள்ளே இருக்கிற இதழ் 'டக் டக்'னு மூடித் திறக்கணும். எண்ணெய்ப் பசை மினுங்கி, சோம்பலா நகர்ந்தா வேண்டாம்.

மூணு, வளையங்கள். ஜூமும் ஃபோகஸும் சீரா நகரணும். தலைகீழாப் பிடிச்சா ஜூம் தானா வழுக்கி இறங்குதான்னு பாருங்க. இறங்கினா விலையைக் குறைக்கச் சொல்லலாம். கரகரன்னு மணல் சத்தம் கேட்டா வேண்டவே வேண்டாம்.

நாலு, ஸ்க்ரூ. தலை தேய்ஞ்சிருந்தா யாரோ திறந்து 'ஆபரேஷன்' பண்ணியிருக்காங்க.

அஞ்சு, டெஸ்ட் படம். செங்கல் சுவரையோ காயுற வலையையோ நேரா நின்னு எடுங்க. 35-ல ரெண்டு, 70-ல ரெண்டு. ஒண்ணு அப்பெர்ச்சர் முழுசாத் திறந்து, இன்னொண்ணு எஃப் 8-ல. ஓரம் கொஞ்சம் மங்கலா இருந்தா வயசுக்கோளாறு, விட்டுடலாம். ஆனா இடது ஓரம் தெளிவு, வலது ஓரம் மட்டும் மங்கல்னா உள்ளே கண்ணாடி கோணிக்கிட்டிருக்கு. எங்கேயோ விழுந்த லென்ஸ்!

ஆறு, தூரத்துல ஒரு செல்போன் டவர். அது தெளிவா விழுதான்னு ஒரு படம். அவ்வளவுதான், டெஸ்ட் ஓவர்.

என் லென்ஸ் ஆறும் பாஸ். பேரம் பேசி 1,800 ரூபாய். அடாப்டர் 900. மொத்தம் 2,700. மிச்சம் 1,300-ஐ எதுக்கு வெச்சேன்னு அப்புறம் சொல்றேன்.

முதல் நாள் பல்பு

மாட்டினேன், பட்டனை அமுக்கினேன். 'லென்ஸ் இல்லை'ன்னு சொல்லிட்டுக் கேமரா ஸ்ட்ரைக்! அடாப்டர்ல மின் தொடர்பு கிடையாதே, பாவம் அதுக்கு எப்படித் தெரியும்? மெனுவுக்குள்ள போய் 'லென்ஸ் இல்லாம ஷட்டர்'ங்கிற ஆப்ஷனை ஆன் பண்ணணும். பெரும்பாலான மிரர்லெஸ்ல இது இருக்கும். கேமராவை ஏ மோடுல வெச்சா, அப்பெர்ச்சரை நீங்க திருப்ப, ஷட்டரை அது பார்த்துக்கும். ஃபோகஸ் பீக்கிங்கை ஆன் பண்ணினா, தெளிவா இருக்கிற விளிம்பு மட்டும் கலர்ல மினுங்கும். பாடிக்குள்ளேயே ஆட்டம் தடுக்குற வசதி இருந்தா, எத்தனை எம்.எம்.னு நீங்களே அதுல பதியணும்.

ரெண்டாவது பல்பு: 70-ல ஃபோகஸ் பண்ணிட்டு 35-க்கு வந்தா மங்கல். நல்ல ஜூம்கள்ல பல, ஒரு தடவை ஃபோகஸ் பண்ணினா ஜூம் மாத்தினாலும் தெளிவு மாறாது. 70-ல முகத்தைப் பெருசா வெச்சு ஃபோகஸ் பண்ணிட்டு, பின்னாடி வந்து எடுக்குறது அந்தக் கால போட்டோகிராஃபர்களோட டெக்னிக். ஆனா அடாப்டரோட தடிமன் ஒரு முடி அளவு தப்பினாலே இது கெட்டுடும். அதனால லென்ஸைத் திட்டுறதுக்கு முன்னாடி வேற ஒரு அடாப்டர் போட்டுப் பாருங்க. நான் கடையில மாத்தி வாங்கினேன், பிரச்னை அவுட்.

ஜெட்டியில அது எப்படி?

விடியறதுக்கு முன்னாடி ஏலம். லைட் வெளிச்சம் மட்டும்தான். 70-ல இந்த லென்ஸோட அப்பெர்ச்சர் எஃப் 4.8, அதாவது கஞ்சப்பிசினாறி. ஐ.எஸ்.ஓ. 3200-க்கு ஏத்தி, ஷட்டரை 125-ல ஒரு பங்குக்குக் கீழே இறக்காம எடுத்தேன். படத்துல கொஞ்சம் புள்ளி புள்ளியா வரும். வரட்டும், ஆட்டம் இல்லையே!

விடிஞ்சப்புறம் வேற பிரச்னை. எங்க ஊர்ல சூரியன் கடல்ல இருந்து நேரா மூஞ்சிக்கு எழும்பும். பழைய பூச்சு அந்த வெளிச்சத்தைத் தாங்காது, படம் முழுக்க வெள்ளையா பால் ஊத்தின மாதிரி ஆயிடும். லென்ஸுக்கு ஒரு ரப்பர் ஹூட் மாட்டுங்க. இல்லைன்னா இடது கையால நிழல் கொடுங்க. சில நேரம் அந்தப் பால் நல்லாவும் இருக்கும், அது உங்க டேஸ்ட்.

வேகமா நகர்ற ஆளுங்களை எடுக்க ஒரு குறுக்கு வழி. 35-ல வைங்க, எஃப் 8-ல வைங்க, 3 மீட்டருக்கு ஃபோகஸ் பண்ணி அப்படியே விட்டுடுங்க. சின்ன சென்சார்ல ஏறக்குறைய 2.2 மீட்டர்ல இருந்து 4.9 மீட்டர் வரைக்கும் எல்லாமே தெளிவா விழும். அந்த எல்லைக்குள்ள யார் வந்தாலும் கிளிக்! எந்த ஆட்டோ ஃபோகஸும் இந்த வேகத்துக்கு வராது.

இனி அந்த 1,300 ரூபாய் கணக்கு. காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறுற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற குட்டி மீட்டர், ஊதுற பல்பு, நல்ல துணி. கடலோரத்துல லென்ஸோட எதிரி அலை இல்லை, ஈரக் காத்து. பழைய ஜூம் நீண்டு சுருங்குறப்போ பம்பு மாதிரி அந்தக் காத்தை உள்ளே இழுக்கும். வீட்டுக்கு வந்ததும் வெளிப்பக்கத்தை லேசான ஈரத் துணியால துடைச்சு, காய வெச்சு, டப்பாவுக்குள்ள போடுங்க. மீட்டர் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள்ள காட்டினா நிம்மதி. நீல ஜெல் வெளுத்து ரோஸ் கலர் ஆனா காய வைக்கணும்னு அர்த்தம். அரிசி மூட்டைக்குள்ள வைக்கிற பாட்டி வைத்தியம் வேண்டாம், மாவுத் தூசு உள்ளே போயிடும். முக்கியமா... ஜெட்டி ஓரத்துல உட்கார்ந்து லென்ஸைக் கழற்றவே கழற்றாதீங்க. சொல்றது அனுபவஸ்தன்!

மூக்கு வந்தாச்சு!

மதுரை ஜவஹர்லால்புரத்துல மீன் வித்துக் குடும்பத்தைக் காப்பாத்தின ஓர் அம்மாவோட மகன் எம்.பழனிக்குமார். 2017-ல வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு பண்ணினவர். தன்னோட அம்மாவையும் அவங்க வேலையையும் வருஷக்கணக்கா எடுத்திருக்கார். 2022-ல தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குத்தான் கிடைச்சது. அந்தப் படங்களைப் பார்த்தப்புறம், என்ன லென்ஸ்ல எடுத்தார்னு கேட்கணும்னே எனக்குத் தோணலை. மீன் கூடை இருக்கிற வீட்டுல இருந்து வந்தவர், மீன் கூடைக்காரங்களை எந்த உயரத்துல நின்னு பார்க்கணும்னு தெரிஞ்சவர்ங்கிறதுதான் தோணுச்சு.

போன வாரம் அதே ஏல இடம். அத்தை ஒரு கூடை நண்டுக்கு மல்லுக்கு நின்னுக்கிட்டிருந்தாங்க. பத்தடி தள்ளி நின்னு, 70-ல வெச்சு, கையால திருகினேன். அத்தையோட கண்ணோரச் சுருக்கத்துல கலர் மினுங்கினதும் கிளிக். ஏலம் முடிஞ்சதும் திரையில காட்டினேன். அத்தை சிரிக்கலை. கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாங்க.

"இதைக் கழுவி ஒரு காப்பி போட்டுக் குடுடா. ரேஷன் கார்டுலயும் ஆதார் கார்டுலயும் இருக்கிறதைத் தவிர எனக்குன்னு வேற படமே கிடையாது."

படத்தோட வலது ஓரம் கொஞ்சம் மங்கல்தான். அத்தை அதைக் கவனிக்கவே இல்லை. படத்தைப் பார்த்துட்டு, என் கழுத்துல தொங்குறதை ஒரு தட்டு தட்டினாங்க.

"மூக்கு வந்துடுச்சு போல?"

"வந்துடுச்சு அத்தை. 1,800 ரூபாய்க்கு."

"அவ்வளவா? நான் வந்திருந்தா 1,500-க்கு முடிச்சிருப்பேன்!"

ஃப்ரெண்ட்ஸ், லென்ஸ் வாங்கப் போறப்போ டார்ச் எடுத்துட்டுப் போங்க. முடிஞ்சா ஒரு அத்தையையும் கூட்டிட்டுப் போங்க!